மருந்து ஏற்றியும் மடிநோய் குறையவில்லையா? ஈஸ்ட் பூஞ்சையாக இருக்கலாம்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் ஒன்றிரண்டு கறவை மாடுகள், சில கோழிகள், காவலுக்கு ஒரு நாய் என வளர்க்கும் விவசாயிகள் பலர். இந்த மூன்றையும் தாக்கக்கூடியது ஈஸ்ட் என்னும் நுண்பூஞ்சை.

பனஞ்சாற்றைக் கள்ளாகப் புளிக்க வைப்பது ஒரு வகை ஈஸ்ட். வேறு சில வகைகள் பிராணிகளின் தோல், காது, வாய், குடல் ஆகியவற்றில் எப்போதும் இருப்பவை. சாதாரணமாகத் தீங்கு செய்வதில்லை. உடல் நலிந்தாலோ, ஈரம் தங்கினாலோ, ஆன்டிபயாடிக் மருந்தால் மற்ற பாக்டீரியாக்கள் அழிந்தாலோ இவை பெருகி நோயாகின்றன. ஆன்டிபயாடிக் மருந்து பூஞ்சையைக் கொல்லாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கறவை மாடு: காம்பைச் சுத்தம் செய்யாமல் மருந்து ட்யூபை ஏற்றும்போது 'கேண்டிடா' என்னும் ஈஸ்ட் மடிக்குள் சென்றுவிடும். மடி வீங்கிக் கெட்டிப்படும், பால் குறையும். மேலும் மேலும் ட்யூப் வாங்கி ஏற்றினால் செலவுதான் மிஞ்சும். சொன்ன அளவு மருந்து முடிந்தும் குணமில்லை என்றால், காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி, முதல் பீச்சுகளை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பால் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுக்கவும். பரிசோதனையில் கேண்டிடா என உறுதியானால், அவர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, மடியை அடிக்கடி முற்றாகக் கறக்கச் சொல்வார். பல மாடுகள் சில வாரங்களில் தேறிவிடும். அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக்கூடாது, கன்றுக்கும் கொடுக்கக்கூடாது.

நாய்: காதில் பழுப்பு நிற அழுக்கு, புளித்த நாற்றம், ஓயாத தலையாட்டல், தோலில் பிசுபிசுப்பு ஆகியவை 'மலசீசியா' ஈஸ்டின் அறிகுறிகள். இது கொழுப்பில் செழித்து வளர்வது. எனவே எண்ணெய் தடவுவது நல்லதல்ல. மண்ணெண்ணெய், கழிவு ஆயில் தடவினால் தோல் வெந்துவிடும். மருத்துவர் தரும் பூஞ்சைக்கொல்லி ஷாம்பூவைத் தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, ஈரம் போகத் துவட்ட வேண்டும். உண்ணி, ஒவ்வாமை போன்ற மூல காரணத்தைக் கவனிக்காவிட்டால் நோய் திரும்ப வரும்.

கோழி: பூசணம் பிடித்த தீவனம், அழுக்குத் தண்ணீர், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் ஆகியவற்றால் தீனிப்பையில் தயிர் போன்ற வெள்ளைப் படலம் உண்டாகும், கோழி மெலியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கவும்.

எந்தப் பிராணியானாலும், மருந்துக்கடைக்குப் போகுமுன் அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்வதே நலம்.