பெயரும் பெயரனும்

‘உன் பெயர் என்ன?’ என்பது பள்ளியின் முதல் நாளில் ஒரு குழந்தை எதிர்கொள்ளும் முதல் வினா. அதற்கான விடையைக் குழந்தை தேர்ந்துகொள்வதில்லை. பெற்றோர் தேர்ந்து தருகின்றனர். ஆயினும், அவ்விடையை வாழ்நாள் முழுதும் சொல்ல வேண்டியது குழந்தையே. பெயரிடுவோர் நெஞ்சில் இருப்பது யாது, பெயர் தாங்குவோர் நெஞ்சில் எழுவது யாது என்பதைக் கரிசல் நிலத்துச் சான்றுகள் சிலவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்பெயரும் சிறப்புப் பெயரும்

மகன் வயிற்று மகனைப் ‘பேரன்’ என்கிறோம். இச்சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது அதன் பொருள். முறைப்பெயரே பெயரிடும் வழக்கிலிருந்து பிறந்துள்ளது என்றால், அவ்வழக்கின் தொன்மையை நாம் உணரலாம்.

பெற்றோர் இடுவது இயற்பெயர். கல்வியாலோ கொடையாலோ வீரத்தாலோ பின்னர் வந்து சேர்வது சிறப்புப் பெயர். இவ்விரண்டும் ஒருங்கு வருமிடத்துச் சிறப்புப் பெயரை முற்கூறுதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. எட்டயபுரத்துச் சுப்பிரமணியன் இளமையிலேயே ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றதும், நாளடைவில் பட்டமே பெயராக நின்றுவிட்டதும் நாம் அறிந்தவை. எனினும், உலகம் சூட்டுவன எல்லாம் சிறப்பாக அமைவதில்லை. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை; பாஞ்சாலங்குறிச்சி மண்ணே சான்று பகரும்.

பாஞ்சாலங்குறிச்சி காட்டும் பெயர்கள்

கட்டபொம்மன் என்பது தனி ஒருவர் பெயரன்று, குடிவழிப் பெயர். ‘கெட்டிபொம்மு’ என்னும் தெலுங்கு வழக்கே தமிழில் இவ்வாறு திரிந்தது என்பர். 1760இல் அக்குடியிற் பிறந்த மகனுக்கு இடப்பட்ட பெயரோ வீரபாண்டியன். தெலுங்கு பேசும் குடியில் வந்தோர், தாம் வாழும் பாண்டி நாட்டின் பழம்பெருமையைத் தம் பிள்ளையின் பெயரில் ஏற்றி மகிழ்ந்தனர். நாம் பிறந்த குடியும் வாழும் மண்ணும் ஒரே பெயரில் கைகோத்து நிற்கலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

அவர் தம்பியின் இயற்பெயர் குமாரசுவாமி. முருகன் பெயரைச் சூட்டிய தாய், அம்மகன் எவ்வாறெல்லாம் விளங்க வேண்டும் என்று எண்ணியிருப்பாள்! பேச்சில் குறை இருந்தமையால் உலகம் அவரை ‘ஊமை’ என்றது. வெள்ளையர் ஏடுகளிலும் அக்குறையே அவரது அடையாளமாயிற்று. ஆனால் மக்கள் அக்குறைச் சொல்லோடு ‘துரை’ என்னும் மதிப்புச் சொல்லைச் சேர்த்து ‘ஊமைத்துரை’ என்றனர். 1799இல் தமையனார் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பின், இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டவர் அவர். 1801இல் அவரும் தூக்கிலேறினார். இன்று குமாரசுவாமி என்றால் அறிவார் சிலர். ஊமைத்துரை என்றால் அறியாதார் இலர். ஏளனத்தையும் புகழாக மாற்றும் ஆற்றல் வாழ்வுக்கு உண்டு என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், எல்லாக் குழந்தைகளுக்கும் அத்தகைய வாழ்வு வாய்ப்பதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

நன்றியின் பெயர்

பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். தந்தை உலகநாதரின் பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினார். இது பெயரன் என்னும் மரபு. சிறைவாசத்தால் பறிபோன வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அவர் நினைவாகத் தம் கடைசி மகனுக்கு ‘வாலேசுவரன்’ எனப் பெயரிட்டார் சிதம்பரனார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டிற்குள் அழைத்துக்கொண்டார். பகை ஆட்சியோடு, நன்றி மனிதரோடு. அயற்பெயரைத் தமிழ் ஒலிக்கு இசைவித்த திறமும் கருதத்தக்கது. மீட்ட உரிமையோடு அவர் வழக்கறிஞர் தொழில் செய்த ஊர்களுள் நம் கோவிற்பட்டியும் ஒன்று.

அச்சத்தின் பெயர்

குலதெய்வத்தின் பெயரால் ஜக்கம்மாள், கோவிற்பட்டி அம்மன் பெயரால் செண்பகவல்லி, கழுகுமலை முருகன் பெயரால் கழுகாசலம் எனப் பக்தியால் இடப்பெற்ற பெயர்கள் இக்கரிசற் சீமையில் பல. இவற்றோடு அச்சத்தால் இட்ட பெயர்களும் உள. முன்பிறந்த பிள்ளைகள் தங்காவிடில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தியெடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்பர். பிச்சை என்று பெயரிடுவதும் உண்டு. முசுலிம் குடும்பங்களிலும் பிச்சைக்கனி, பிச்சை முகைதீன் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. பிள்ளையை இழந்த தாயின் அச்சத்திற்குச் சமயம் இல்லை. கேட்போர்க்கு இழிவாகத் தோன்றும் இப்பெயர்களுள் உறைந்திருப்பது, ‘இப்பிள்ளையாவது நிலைக்கட்டும்’ என்னும் பேரன்பே.

‘போதும்பொண்ணு’ என்பது அத்தகையதன்று. பெண் மகவு இனி வேண்டா என்னும் சலிப்பே அங்குப் பெயராகிறது. பல்லாண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் இப்பெயருடைய மாணவி ஒருவர் இருந்தார். வருகைப் பதிவின்போது அவர் பெயர் வந்ததும் பின்வரிசையில் சிரிப்பொலி எழும். அவர் குரலோ எழாது, கை மட்டும் உயரும். சில நாள் கழித்து, வீட்டில் எவ்வாறு அழைப்பர் எனத் தனியே வினவினோம். ‘வீட்டிலும் அதுதான், ஐயா’ என்றார். அச்சொல் இன்றும் நம் செவியில் நிற்கிறது. அன்று சிரித்தவர்களை உடனே கண்டிக்காமல் பல நாள் பதிவேட்டிலேயே கண்ணாக இருந்தது நம் பிழை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இசுலாம் கூறும் நெறி

குழந்தையின் காதில் பாங்கொலித்து, ஏழாம் நாளில் பெயரிடுவது முசுலிம்களின் வழக்கம். பொருள் நல்லதாக இருத்தல் வேண்டும் என்பது முதன்மையான நெறி. ‘மாறு செய்பவள்’ எனப் பொருள்தரும் பெயருடைய பெண் ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘அழகியவள்’ எனப் பொருள்படும் ஜமீலா என்னும் பெயரை மாற்றிச் சூட்டினார்கள். பெற்றோர் இட்டது என்பதற்காக ஒருவர் தீய பெயரைச் சுமக்க வேண்டியதில்லை என்பதே இதன் கருத்தாகும். தமிழ்நாட்டு அரசிதழில் வெளியிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டமும் இடந்தருகிறது.

பொருள் அரபியாயினும் ஒலி தமிழாகலாம். ஷைகு அப்துல் காதிர் என்னும் வள்ளல் தமிழர் நாவில் சீதக்காதி ஆனார். உமர் என்னும் கலீபாவின் பெயர், சீறாப்புராணம் பாடிய எட்டயபுரத்துப் புலவருக்கு ‘உமறு’ என அமைந்தது. இம்மாற்றத்தால் அப்பெயர்கள் மதிப்பில் குன்றவில்லை, மண்ணில் வேரூன்றின.

நிறைவாக

பெயரிடுவோர் தம் நினைவையும் நன்றியையும் அச்சத்தையும் பெயரில் வைக்கின்றனர். அஃது அவர்தம் உரிமை. ஆனால், தலை நிமிர்ந்து சொல்லத்தக்க பெயரைப் பெறுவது குழந்தையின் உரிமை. பின்னதே பெரிது என்பது நம் துணிபு. நாளை பெற்றோராகவும் ஆசிரியராகவும் விளங்கவிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். பெயரிடும்முன் அதனைக் குழந்தையின் இடத்தில் நின்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னரே இட்ட பெயராயின், அதனை மதிப்போடு அழையுங்கள். ஊமை என்ற சொல்லோடு துரையைச் சேர்த்தவர்கள் இம்மண்ணின் எளிய மக்கள். அப்பண்பு நமக்கும் வாய்ப்பதாக!