பாத்திரத்தை மூடுதல் என்னும் சுன்னத்

கொசுவினால் வரும் நோய்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "எங்கள் வீட்டுத் தண்ணீர் சுத்தமானது, சிறு புழு கிடந்தாலும் உளூவுக்குக் கூடும் அல்லவா?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. இப்பேச்சில் பாதி சரி. ஓடும் இரத்தமில்லாத சிறு பிராணி தண்ணீரில் விழுந்து செத்தாலும், தண்ணீரின் தன்மை மாறாதவரை அது நஜீஸ் ஆவதில்லை என்று ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களும் கூறுகின்றன. ஆனால் உளூவுக்குக் கூடும் தண்ணீர் வேறு, தீங்கற்ற தண்ணீர் வேறு. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் குடியிருப்போருக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் காலந்தள்ள முடியாது. லாரித் தண்ணீர் வரும் நாளில் டிரம், தொட்டி, குடம் என்று நிரப்பி வைக்கிறோம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த நீரைத்தான். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகையும் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. சாக்கடைக் கொசு கியூலெக்ஸ். அது யானைக்கால் நோயைப் பரப்புவது. சாக்கடையைச் சீர் செய்வது மாநகராட்சியின் கடமை, கேட்டுப் பெற வேண்டியதுதான். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபின் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ஆயினும் நம் கொல்லைப்புறத்து டிரம்முக்கு மாநகராட்சி எப்படிப் பொறுப்பாகும்? 2017-இல் மட்டும் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், தோல் பைகளின் வாயைக் கட்டி வைக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஆண்டில் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்குகிறது, மூடாத பாத்திரங்களில் அது விழுகிறது என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இது கொசுவைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று நாம் வலிந்து பொருள் கூற வரவில்லை. நாயகமவர்களின் சொல்லை ஒவ்வொரு புதிய விஞ்ஞானத்தோடும் முடிச்சுப் போடுவது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. ஏவல் தெளிவாக இருக்கிறது. மூடியை எடுத்து மூடினால் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். உடைந்த மூடியின் இடுக்கு கொசுவுக்குத் தாராளமான வாசல்.

"தக்தீரில் உள்ளது வந்தே தீரும்" என்று சும்மா இருப்பாரும் உண்டு. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பயணப்பட்டு ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. கூட வந்தோரைத் திருப்பி அழைத்துப் போக முடிவு செய்தார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். அவர்களைவிடத் தவக்குலில் நாம் மிகைத்தவர்களா?

மருந்து ஊற்ற வரும் சுகாதாரப் பணியாளரைச் சில வீடுகளில் வாசலோடு திருப்பிவிடுகிறார்கள். இதற்கு இரண்டு காரணம் சொல்லப்படுகிறது. ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம் என்பது ஒன்று. இது நியாயமான கூச்சமே. ஆனால் இப்பணியில் பெண்களும் பலர் இருக்கிறார்கள். அவர்களை வரச் சொல்லலாம், அல்லது தாய்மார்களே டிரம்மைத் திறந்து பார்த்துக் கழுவிவிடலாம். மருந்து கலந்த தண்ணீரில் உளூ கூடுமா என்பது மற்றொன்று. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாமல் டெமிபாஸ் மருந்தைக் குடிநீரிலும் இடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த அளவால் தண்ணீருக்குத் 'தண்ணீர்' என்ற பெயர் மாறிவிடுவதில்லை. சுத்தமான பொருளால் ஏற்படும் சிறு மாற்றம் உளூவுக்குத் தடையல்ல. மனம் ஒப்பவில்லையானால் அத்தண்ணீரைக் கொட்டிக் கழுவி வேறு நிரப்பிக் கொள்ளுங்கள். கொசுவைப் பொறுத்தவரை அதுவும் பலன் தருவதே.

நிலவேம்புக் குடிநீரை விரும்புவோர் குடிக்கட்டும். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று டிரம்மைத் திறந்து போட்டால் என்ன பயன்?

முட்டை கொசுவாகிப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் எட்டுப் பத்து நாட்களே ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் புழு கொசுவாகுமுன் அழியும். ஜும்ஆவுக்காகக் குளிக்கும் நாளையே இதற்கும் வைத்துக் கொண்டால் மறக்காது. தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். நன்றாகத் தேய்க்க வேண்டும். முற்றத்து ஆட்டுக்கல், மாடியில் கிடக்கும் டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, மூலையில் மறந்துபோன கெண்டி, எல்லாவற்றையும் பாருங்கள். இக்கொசு பெரும்பாலும் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை. நம் டிரம்மில் வளர்ந்தது நம் பிள்ளையைக் கடிக்கும், இல்லையேல் அண்டை வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். அதுவும் பகலில், தொட்டிலில் உறங்கும் நேரத்தில்.

பள்ளிவாசல் ஹவுளைப் பற்றி முத்தவல்லிகளுக்கு ஒரு வார்த்தை. ஹவுளில் மீன் விடும் வழக்கம் பல பழைய பள்ளிகளில் உண்டு. புழுவைத் தின்னும் கம்பூசியா, கப்பி மீன்களைச் சுகாதாரத் துறையினரும் பயன்படுத்துகிறார்கள். அவற்றை விடுவதால் உளூவுக்குக் குறைவில்லை. கபர்ஸ்தானில் தண்ணீர் தெளிக்க வைத்திருக்கும் வாளிகளை வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.