வேலையே பள்ளிக்கூடம்

முற்காலத்தில் பர்மா, மலேயாவில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் சிறுவர்கள் 'பெட்டியடிப் பையன்' எனச் சேர்ந்து, கணக்கெழுதக் கற்று, 'அடுத்தாள்' ஆக உயர்ந்தனர். எங்கள் கானாடுகாத்தானில் முதியோர் இன்றும் சொல்லும் செய்தி இது. வேலையே அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

அத்தகைய வழி இன்று காப்பீட்டுத் துறையில் உண்டு. பத்தாம் வகுப்பில் தேறி 18 வயது நிரம்பியவர், பயிற்சி பெற்றுத் தேர்வெழுதி எல்.ஐ.சி. முகவராகலாம். பின்னர், 1955-இல் தோன்றிய இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ தேர்வுகளை வேலை பார்த்தபடியே எழுதலாம்.

நாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவே இத்தொழிலின் அடிப்படை. 1000 பேரில் ஓராண்டில் 3 பேர் இறக்கக்கூடும் எனக் கொள்வோம். அம்மூன்று குடும்பங்களுக்கும் தலா 1,00,000 ரூபாய் தர, ஆளுக்கு 300 ரூபாய் போதும். நிர்வாகச் செலவு தனி.

முகவருக்கு மாதச் சம்பளமில்லை, கமிஷன்தான். ஆகவே உறவினரை வற்புறுத்திப் பாலிசி எடுக்கவைக்கும் ஆசை எழும். அவர் தொடர்ந்து கட்ட இயலாமல் பாலிசி காலாவதியானால், இழப்பு அந்த ஏழைக் குடும்பத்துக்கே. அவரால் எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் கணக்கிட்டுச் சொல்வதே தொழில் தர்மம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிப்பு முடியும்வரை வருமானத்துக்குக் காத்திருக்க வசதியில்லை. இவ்விடுமுறையில் பயிற்சியில் சேர்கிறேன். என் நிலையிலுள்ள மாணவ நண்பர்களே, நீங்களும் சிந்திப்பீர்களாக!