ஜீப்பின் கட கட சத்தம்

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் உள்ளது. அங்கே மூணாறு பக்கம் சூரியநெல்லி என்ற ஊர் இருக்கிறது. அது தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஒரு பாதை ஏறுகிறது. கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் உள்ளது. சுமார் 7,900 அடி உயரம். பாதை எல்லாம் கல்லும் பள்ளமும்தான். சாதாரணக் கார் அதில் ஏறாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் ஏறும். சூரிய உதயம் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். விடிவதற்கு முன்பே ஜீப்காரர்கள் அவர்களை ஏற்றிப் போகிறார்கள்.

எங்கள் மாலை வகுப்பில் ஒரு கணவனும் மனைவியும் படிக்கிறார்கள். அண்ணன் ஜீப் ஓட்டுகிறார். அக்கா கொழுந்து பறிக்கிறார். ஒரு நாள் அண்ணன் முகம் வாடி இருந்தது.

“என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“உடம்புக்கு ஒன்றும் இல்லை தம்பி. வண்டிக்குத்தான் சரியில்லை. முன்னால் கட கட என்று சத்தம். இன்று ஏறிய ஆட்கள் பயந்துவிட்டார்கள். பாதி வழியில் இறங்கி நடந்தே வந்தார்கள்.”

“பட்டறையில் காட்டவில்லையா?”

“காட்டினேன். இரண்டு ஷாக் அப்சர்வரும் போய்விட்டது என்றார்கள். புதிது மாற்றினார்கள். ஒரு வாரச் சம்பாத்தியம் போனது. மூன்று வாரம் சத்தம் இல்லை. இப்போது மறுபடியும் வந்துவிட்டது.”

அக்கா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அது பட்டறை கொடுத்த பில். மடித்து மடித்துக் கசங்கி இருந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ஷாக் அப்சர்வர் 2. கூலி. அவ்வளவுதான் இருக்கிறது” என்றார்.

இரண்டே வரி. சத்தம் எங்கிருந்து வந்தது என்று யாராவது பார்த்தார்களா? பில்லைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. பழைய ஷாக் அப்சர்வர் உண்மையில் கெட்டுப் போயிருந்ததா? அதையும் சொல்ல வழியில்லை. கழற்றிய பழைய சாமானை அண்ணன் கேட்டு வாங்கவில்லை.

ஷாக் அப்சர்வர் என்ன செய்கிறது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். நெடுங்காலம் ஜீப் மெக்கானிக்காக வேலை செய்தவர். அவரை அழைத்தோம். அவர் முதலில் விளக்கம் சொன்னார்.

“ஜீப்பின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. சக்கரம் கல்லில் ஏறினால் பட்டை வளையும். பிறகு நிமிரும். அதோடு நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்வர்.

“அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. ஒரு பிஸ்டனும் இருக்கிறது. பிஸ்டனில் சிறிய துளைகள் உண்டு. வண்டி ஆடும்போது எண்ணெய் அந்தத் துளை வழியே நெருக்கிப் போக வேண்டும். அதனால் ஆட்டம் குறையும். ஆட்டத்தின் சக்தி சூடாக மாறும்.

“ஷாக்குக்கு இரண்டு முனை. மேல் முனை சேஸில் மாட்டியிருக்கும். கீழ் முனை ஆக்ஸில் பக்கம் மாட்டியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு வளையம். வளையத்துக்குள் ஒரு ரப்பர். அந்த ரப்பருக்குப் பெயர் புஷ். புஷ்ஷின் நடுவே ஓர் இரும்பு முளை போகும். மெக்கானிக்குகள் அதைப் பின் என்பார்கள். முளையைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்குப் பிராக்கெட் என்று பெயர்.

“புஷ் நன்றாக இருந்தால் இரும்பும் இரும்பும் தொடாது. புஷ் தேய்ந்தால் தொடும். அப்போதுதான் கட கட என்று அடிக்கும்.”

சத்தம் எங்கே? தேடுவோம்

பெரியவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. “முதலில் சீட்டுக்குக் கீழே பார்” என்றார். ஜாக்கிக் கம்பியும் ஸ்பேனரும் அங்கே தளர்வாகக் கிடந்தன. “இதுவும் சத்தம் போடும். துணியில் சுற்றிக் கட்டு” என்றார்.

பிறகு ஜீப்பைச் சமதரையில் நிறுத்தினோம். எஞ்சினை அணைத்தோம். ஹேண்ட் பிரேக் போட்டோம். கியரில் வைத்தோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம்.

அண்ணன் முன் பம்பரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். அக்கா டயருக்கு மேலாகக் கையை விட்டு, பிராக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வண்டிக்கு அடியில் யாரும் போகவில்லை. ஆடும் பாகங்களுக்கு நடுவே விரலை விடக் கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

வலது பக்கம் லேசாகத் தட்டியது. இடது பக்கம் கை வைத்ததும் அக்கா கையை எடுத்துவிட்டார்.

“ஏங்க, இங்கேதான்! சுத்தியால் தட்டுகிற மாதிரி இருக்கு” என்றார்.

கை சொல்வதைக் காது சில சமயம் சொல்லாது. வண்டி ஓடும்போது சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். கை வைத்தால் இடம் தெரிந்துவிடும்.

ஷாக் கெட்டிருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு. அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் ஷாக் கெட்டுவிட்டது. இன்னொரு வழியும் உண்டு. கரடு முரடான பாதையில் ஓட்டிய பிறகு வண்டியை நிறுத்துங்கள். இரண்டு பக்க ஷாக்கையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சூடு அதிகம் இருக்கலாம், கவனம். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை. அண்ணனின் புதிய ஷாக்குகளில் கசிவு இல்லை. அவை நன்றாகவே இருந்தன.

கழற்றிப் பார்த்தோம்

ஜீப்பின் எடையை ஸ்பிரிங் பட்டை தாங்குகிறது. அதனால் இந்த வேலைக்குச் சக்கரம் தரையில் இருக்கலாம். ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டி வந்தால், உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போகும்.

மண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்தோம். துருப்பிடித்த நட்டில் டீசல் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அவசரப்பட்டுத் திருகினால் முளை முறிந்துவிடும்.

நட்டையும் வாஷரையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் வைத்தோம். அக்கா அந்த வரிசையை நோட்டில் படமாக வரைந்தார். மாட்டும்போது குழப்பம் வராது.

வலது பக்கம் நட்டு தளர்ந்து போயிருந்தது. புஷ்ஷின் துளை கொஞ்சம் நீண்டிருந்தது. அவ்வளவுதான்.

இடது பக்கம் கதை வேறு. மேல் முளை ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. நகத்தால் தடவினால் படி போல் தட்டியது. பழைய புஷ் தேய்ந்த காலத்தில் இரும்பு வளையம் முளையை அரைத்திருக்கிறது. மெலிந்த முளையில் புதிய புஷ் இறுக்கமாக உட்காராது. அதனால்தான் புதிய ஷாக் போட்டும் மூன்றே வாரத்தில் சத்தம் திரும்பியது.

பெரியவர் டார்ச் அடித்தார். பிராக்கெட்டில் மயிரிழை போல ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் செந்துரு.

“இது விரிசல். இப்படியே ஓட்டியிருந்தால் ஒரு நாள் பிராக்கெட் பிய்ந்து போகும். ஷாக் தொங்கி ஆடும். அது டயரில் அடிக்கலாம். பிரேக் எண்ணெய்க் குழாயில் உரசி அதை அறுத்துவிடலாம். இறக்கத்தில் பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும்?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. விடிகாலை இருட்டில் தினம் 6 பேரை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் போய் வருபவர் அவர்.

சரி செய்யும் முறை

பிராக்கெட் வேலை வெல்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வெல்டிங் பட்டறைக்குப் பெரியவரும் உடன் போனார். அங்கே இப்படிச் செய்தார்கள்.

1. ஷாக்கை முழுவதும் கழற்றி எடுத்தார்கள். எண்ணெய் உள்ள ஷாக்குக்கு அருகில் தீ ஆகாது.

2. பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பிரேக் குழாயையும் டீசல் குழாயையும் தீப்பொறி படாமல் பாதுகாத்தார்கள்.

3. விரிசல் முடியும் இடத்தில் சிறிய துளை போட்டார்கள். துளை போட்டால் விரிசல் மேலும் ஓடாது.

4. விரிசலைச் சுத்தமாக அரைத்து வெல்டிங் செய்தார்கள். தேய்ந்த முளையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். ஆறிய பிறகு துருப் பிடிக்காத பெயிண்ட் அடித்தார்கள்.

தேய்ந்த முளையில் ரப்பர் டியூபை வெட்டிச் சுற்றுவார்கள் சிலர். கூடுதலாக வாஷர் திணிப்பார்கள் சிலர். அது நாலு நாளைக்குத்தான் வரும்.

பிறகு புஷ் மாட்டும் வேலை. இதை அண்ணனே செய்தார்.

1. இரண்டு பக்கமும், மேலும் கீழும், 4 முனையிலும் புதிய புஷ் போட்டார்.

2. புஷ் எளிதாக ஏறச் சோப்புத் தண்ணீர் தடவினார். கிரீஸ், டீசல், எஞ்சின் ஆயில் தடவக் கூடாது. அவை பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

3. நோட்டில் உள்ள படத்தைப் பார்த்து வாஷரை வரிசையாகப் போட்டார்.

4. வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கினார். தூக்கி வைத்து இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சீக்கிரம் கிழியும்.

5. ரப்பர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினார். அதிகம் இறுக்கினால் ரப்பர் நசுங்கி வெடிக்கும். தளர்வாக விட்டால் மீண்டும் சத்தம் வரும். வண்டியின் கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதன்படியே இறுக்க வேண்டும்.

6. பழைய லாக் நட்டை மறுபடி போடவில்லை. ஒரு முறை கழற்றிய லாக் நட்டின் பிடி குறைந்திருக்கும்.

இந்தப் பில் வேறு பில்

வெல்டிங் பட்டறையில் சாமானும் வாங்கினார்கள். அங்கே அக்கா பில் கேட்டார். ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். பிறகு நின்று படித்தார்.

முன் ஷாக் புஷ் – 4
லாக் நட்டு – 4
பின் – 1
பிராக்கெட் வெல்டிங் – 1
கூலி

“இதென்ன, ‘பின் 1’? பின்பக்கம் நாம் ஒன்றும் செய்யவில்லையே?” என்று கேட்டார் அக்கா.

பெரியவர் சிரித்தார். “இது பின்பக்கம் இல்லை தாயி. முளை. பின் என்றால் அதுதான்” என்றார்.

“அப்படியானால் ‘இடது மேல் பின்’ என்று எழுதுங்கள்” என்றார் அக்கா. பட்டறைக்காரரும் எழுதிக் கொடுத்தார். தேய்ந்த முளையையும் பழைய புஷ்ஷையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

இந்தச் செலவு எல்லாம் சேர்ந்தும் முதல் பில்லில் பாதி கூட வரவில்லை.

மறுநாள் விடிகாலை ஜீப் கொழுக்குமலை ஏறியது. கட கட சத்தம் இல்லை. இறங்கி வந்ததும் அண்ணன் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். புதிய ரப்பர் படிந்திருந்தது. ஒரு நட்டு கால் சுற்று இறுகியது. அன்று மாலை அக்கா நோட்டில் தேதி எழுதினார். பக்கத்தில் ‘முன் புஷ் மாற்றியது’ என்று எழுதினார். கிலோமீட்டர் எண்ணை அண்ணன் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டார்.

நினைவில் வையுங்கள்

• புதிய சத்தம் வந்தால் அன்றே பாருங்கள்.
• சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே சாமானை மாற்றுங்கள்.
• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.
• வேலை முடிந்து ஒரு முறை ஓட்டியதும் நட்டுகளை மீண்டும் பாருங்கள்.
• பில் கேளுங்கள். படியுங்கள். பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

விடை எழுதுங்கள்

1. புதிய ஷாக் அப்சர்வர் போட்டும் சத்தம் ஏன் திரும்பி வந்தது?
2. புஷ்ஷில் ஏன் கிரீஸ் தடவக் கூடாது?
3. பிராக்கெட் பிய்ந்து போனால் என்ன ஆபத்து வரும்?

பேசுவோம்

நீங்கள் கடைசியாக வாங்கிய ஒரு பில்லை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அதை எல்லோரும் சேர்ந்து படியுங்கள். அதில் புரியாத வரி ஏதாவது இருக்கிறதா? அதை யாரிடம் கேட்கலாம்?