கடைசியாக வந்தவருக்கு எத்தனை நிமிட ஓய்வு?

எட்டாம் வகுப்பில் காலம், வேகம், தூரம் நடத்தும்போது நாம் எல்லோரும் ஒரே ரயிலைத்தான் ஓட்டுகிறோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் அந்த ரயில் எங்கும் நிற்காது, மேடு ஏறாது, களைத்துப் போகாது. பதினெட்டு ஆண்டுகளாக நானும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்ற மே மாத விடுமுறையில் ஒரு மலைப்பாதையில் நடந்துவிட்டு வந்த பிறகு அந்தப் பாடத்துக்கு வேறொரு கணக்கு கிடைத்தது. அதை வகுப்பில் செய்து பார்த்ததையும், அப்போது ஒரு மாணவன் கேட்ட கேள்வியையும் இங்கே எழுதுகிறேன்.

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், இந்திய நேபாள எல்லையை ஒட்டிச் செல்கிறது சிங்கலீலா மலைத்தொடர். அதிலுள்ள சந்தக்ஃபூ 3,636 மீட்டர் உயரம். அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த இடம். அங்கு போக மூன்று, நான்கு நாள் நடக்க வேண்டும். கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாள் நடையின் முடிவிலும் தங்குவதற்கு எளிய விடுதி உண்டு. ‘டிரெக்கர்ஸ் ஹட்’ என்று அங்கே சொல்கிறார்கள். கட்டில், கம்பளி, சூடான சோறு, பருப்பு. காலையில் எழுந்து அடுத்த விடுதிக்கு நடக்க வேண்டியதுதான்.

எங்கள் வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் எட்டுப் பேர் சேர்ந்து போனோம். அவர்களில் வயதில் மூத்தவள் நான். முதல் நாள் மானேபன்ஜன் என்ற சிற்றூரில் தொடங்கி டும்லிங் வரை நடக்க வேண்டும். ஏறத்தாழ 12 கி.மீ. தூரம், ஏறத்தாழ 900 மீட்டர் ஏற்றம். கணக்கு ஆசிரியை என்பதால் புறப்படும் முன்பே காகிதத்தில் நேரம் கணக்கிட்டு வைத்திருந்தேன். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் இதற்கு ஓர் எளிய விதி தந்திருக்கிறார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதனுடன், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். நம் அளவில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று கொள்ளலாம். அப்படியானால் தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், மொத்தம் 3 மணி 54 நிமிடம். காலை 8.15-க்குக் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு டும்லிங்கில் இருப்போம் என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். போய்ச் சேர்ந்தது பிற்பகல் 3.40.

மானேபன்ஜனிலிருந்து சித்ரே வரையிலான முதல் மூன்று கிலோமீட்டர்தான் அன்றைய பாதையில் மிகச் செங்குத்தானது. இது எனக்குத் தெரியாது. மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முதல் அரை மணி நேரம் வேகமாக ஏறினேன். அத்தோடு சரி. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. முதுகுப் பையில் மூன்று நாளைக்குத் தேவையானதோடு, வீட்டில் கட்டிக் கொடுத்த முறுக்கும் பருப்புப் பொடியும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் என் குழு எனக்கு முன்னால் மறைந்துகொண்டே போனது.

சித்ரேயில் புல்வெளியும் ஒரு பௌத்த மடாலயமும் தேநீர்க் கடையும் உண்டு. நான் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் டீ குடித்து, படம் எடுத்து, கால் நீட்டி உட்கார்ந்து, பேசி முடித்திருந்தார்கள். “டீச்சர் வந்துட்டாங்க, கிளம்பலாமா?” என்று ஒரு தம்பி கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எல்லோரும் எழுந்து பையை மாட்டிக்கொண்டார்கள். நான் நின்றபடியே பாதி டீயைக் குடித்துவிட்டு நடந்தேன்.

இருபது அடி கூடப் போயிருக்க மாட்டேன். “எனக்கு முட்டி வலிக்குது, நான் ஜீப்பில் திரும்பிடறேன்” என்றேன். அந்தப் பாதையில் வண்டிகள் போகும், பழைய லேண்ட் ரோவர்கள் உட்பட. எனவே அது நடக்கக்கூடியதுதான். ஆனால் எனக்கு முட்டி வலிக்கவில்லை. கடைசியில் வருவது வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல முடியாமல் முட்டியைச் சொன்னேன். கணக்குப் பாடவேளையில் மட்டும் வயிற்று வலி வருகிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். பல முறை கிண்டலும் செய்திருக்கிறேன்.

எங்கள் வழிகாட்டிக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். நேபாளி மொழியில் அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை ‘தாஜு’ என்றுதான் கூப்பிட்டோம். அவர் என் முட்டியைப் பார்க்கக் கூட இல்லை. வரிசையை மாற்றினார், அவ்வளவுதான். முதலில் அவர், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள். மிக வேகமாக நடந்த இருவர் கடைசி. “பிஸ்தாரை, பிஸ்தாரை” என்றார். மெதுவாக, மெதுவாக. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம் என்று இந்தியில் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: இனி எங்கே நின்றாலும், கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.

அதன் பிறகு லாமேதுராவும் மேக்மாவும் வந்தன. மேக்மா எப்போதும் மேகத்துக்குள் இருக்கிற ஊர். எங்களுக்குப் பத்தடி தூரம்தான் தெரிந்தது. அங்குள்ள சஷஸ்திர சீமா பல் சாவடியில் அடையாள அட்டை காட்டினோம். பாதை இரண்டு நாடுகளுக்கும் மாறி மாறிப் போகிறது. டும்லிங் விடுதிகளே நேபாளத்தில்தான் இருக்கின்றன. வழியில் ரோடோடென்ட்ரான் மரங்களில் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிட்டிருந்தது. இதே இனத்து மரம் நம் நீலகிரிச் சோலைக்காடுகளிலும் உண்டு என்பதைத் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். கஞ்சன்ஜங்கா அன்று தெரியவில்லை.

டும்லிங்கில் எங்களுக்குச் சமைத்த அக்கா பருப்பைக் குக்கரில்தான் வேகவைத்தார். திறந்த பாத்திரத்தில் அங்கே பருப்பு எளிதில் வேகாது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. 2,900 மீட்டரில் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அறிவியல் நடத்துவோர் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள், நம்மில் சிலரும் சொல்கிறோம். சதவீதம் அதே 21 தான். குறைவது காற்றழுத்தம். அந்த உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம். எனவே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த விகிதத்தில் குறைகிறது. வெப்பநிலைக்கும் ஒரு கணக்கு தரலாம். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மலையடிவாரத்துச் சிலிகுரியில் 32 டிகிரி என்றால், அதைவிட 2,800 மீட்டர் உயரமான டும்லிங்கில் எவ்வளவு?

பள்ளி திறந்ததும் இதை எட்டாம் வகுப்புக்குக் கொண்டு போனேன். முதலில் தூரமும் உயரமும் கொடுத்து வரைபடத்தாளில் பாதையின் ஏற்றத்தை வரைய வைத்தேன். பிறகு நைஸ்மித் விதி. எல்லோருக்கும் 3 மணி 54 நிமிடம் வந்தது. உண்மையில் ஆனது 7 மணி 25 நிமிடம் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. எங்கே போயிற்று அந்த மூன்றரை மணி நேரம் என்று கண்டுபிடிப்பதுதான் செயல்பாடு. கைபேசிப் படங்களில் நேரம் பதிவாகியிருந்ததால் என்னால் ஓர் அட்டவணை தர முடிந்தது. சித்ரேக்கு முதல் ஆள் சேர்ந்தது 9.45, கடைசி ஆள் 10.30, குழு கிளம்பியது 10.35. லாமேதுராவில் 11.55, 12.05, 12.25. மேக்மாவில் 1.25, 1.30, 2.10. யார் முதல், யார் கடைசி என்று சொல்லவில்லை.

நான் எதிர்பார்த்த விடைகள் வந்தன. டீ குடித்த நேரம், சோதனைச் சாவடி நேரம், விதியில் ஓய்வு சேராது என்பது. அப்போது மெல்லக் கற்போர் பட்டியலில் எப்போதும் இருக்கும் ஒரு பையன் எழுந்தான். வழக்கம் போல் மற்றவர்கள் முடித்து வெகு நேரம் கழித்து.

“சித்ரேல முதல்ல வந்தவங்க அம்பது நிமிஷம் உட்கார்ந்திருக்காங்க டீச்சர். கடைசியா வந்தவங்க அஞ்சு நிமிஷம்தான். அவங்கதானே ரொம்பக் களைச்சிருப்பாங்க? அவங்களுக்கு ஏன் கொஞ்சமா?”

அந்தக் கடைசி ஆள் நான்தான் என்றேன். முட்டி வலிக் கதையையும் சொன்னேன். சிரிப்பு அடங்கிய பிறகு அவன் உட்கார்ந்தான்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், மேசை மேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் வகுப்பையே கவனித்தேன். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினால் முதல் நோட்டு மூடுவது நான்காவது நிமிடம். கடைசி நோட்டு பதினொன்றாவது நிமிடம். நான் விளக்கத் தொடங்குவது ஏழாவது நிமிடம், பாதிப் பேர் நிமிர்ந்ததும். அதாவது அந்தப் பையன் எழுதி முடித்துத் தலை தூக்கும்போது விளக்கம் முடிந்து அடுத்த கணக்கு பலகையில் இருக்கும். யாருக்கு விளக்கம் மிகவும் தேவையோ அவன்தான் அதைக் கேட்டதே இல்லை. அவனுக்குப் புரியவில்லை என்று பதிவேட்டில் எழுதியது நான்.

இப்போது கடைசி நோட்டு மூடிய பிறகே விளக்கம் தொடங்குகிறேன். அழிப்பானை அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் எழுந்து வந்து துடைத்தால்தான் அடுத்த கணக்கு. முதலில் முடிப்பவர்கள் அதே கணக்கை வேறு வழியில் செய்கிறார்கள், அல்லது அடுத்தவருக்கு ஒரு கணக்கு உருவாக்குகிறார்கள். சிலருக்கு அது பிடித்திருக்கிறது. சிலருக்குப் பிடிக்கவில்லை, நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியின் அம்மா வந்து வகுப்பு மெதுவாகப் போகிறதாமே என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு பாடம் பின்தங்கித்தான் போனேன். அதனால் புதிய கருத்து அறிமுகமாகும் நாள்களில் மட்டும் இந்த முறை, பயிற்சிக் கணக்கு நாள்களில் பழையபடி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பையன் காலாண்டில் பெற்ற மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை. வயிற்று வலி மட்டும் ஜூலைக்குப் பிறகு வரவில்லை.

இரண்டாம் நாள் அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டும்லிங்கிலிருந்து கைரிபாஸ் வரை ஏறத்தாழ 300 மீட்டர் இறக்கம், அங்கிருந்து காலிபோக்ரிக்கு மறுபடி ஏற்றம். நைஸ்மித் விதி இறக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இறங்கும்போது நேரம் குறையுமா கூடுமா என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அழிப்பானோடு பலகையருகில் நின்றிருந்தவனைப் பார்த்தேன்.

“அது முட்டியப் பொறுத்தது டீச்சர்” என்றான்.