பழைய மாருதியின் ஷாக்கை வீட்டிலேயே மாற்றப்போகும் தம்பிக்கு

அப்பா ஓட்டிய மாருதி 800-ஐ விற்க மனமில்லாமல் நீயே பார்த்துக்கொள்ள முடிவெடுத்திருக்கிறாய். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. 2014 ஜனவரியோடு அந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஷாக், ஸ்பிரிங் வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஆனால் ஓரிடத்தில் உயிருக்கே ஆபத்து உண்டு. அதை ஆறாவதாகச் சொல்லியிருக்கிறேன். அதைப் படிக்காமல் ஸ்பேனரை எடுக்காதே.

1. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். உள்ளே இருக்கும் ஆயில் சின்னத் துளைகள் வழியாக நெருக்கித் தள்ளப்படும்போது அந்த ஆட்டம் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பார். வேகத்தடையைத் தாண்டியும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போனால் ஷாக்கைப் பார். இதைச் சொகுசுக் கணக்கில் சேர்த்துத் தள்ளிப்போடாதே. ஷாக் போன வண்டியின் டயர் மேடுபள்ளத்தில் ரோட்டை விட்டுவிட்டுத்தான் தொடும். பிரேக் புதிதாக இருந்தாலும் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும்.

2. ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அதை மட்டும் நம்பாதே. பழைய ரப்பர் புஷ் இறுகிப்போயிருந்தால் கெட்டுப்போன ஷாக்கும் நல்லது போலத் தெரியும். ஷாக்கின் உடம்பில் ஆயில் வழிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்று பார். டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டு. அலை அலையாகக் குழி தட்டுப்பட்டால் ஷாக்கைச் சந்தேகப்படு. ஸ்பிரிங்கில் அடிச்சுற்றைத் தேடிப் பார். சேறும் தண்ணீரும் தங்கித் துரு ஏறி, பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

3. ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்று. கூடவே மவுண்டிங் ரப்பர், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிதாக வாங்கிவிடு. சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம்; பழைய ஷாக் வாங்காதே, அதன் மிச்ச ஆயுளைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தொய்ந்த ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி வண்டியைத் தூக்கிவிடலாம் என்பார்கள். வேண்டாம். பஃபர் பிடித்திருக்கும் சுற்றுகள் வேலை செய்யாது. அவை அமுங்க வேண்டியதையும் சேர்த்து மற்ற சுற்றுகளே அமுங்க வேண்டிவரும்.

4. சிமெண்ட் தரையில் வேலை செய். மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

5. முதல் நாள் இரவே போல்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடு. முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் தொகுப்புதான் ஸ்ட்ரட். முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்டுகளும் எந்த நிலையில் இருந்தன என்று கழற்றும் முன் பெயிண்டால் குறித்துக்கொள். ஸ்ட்ரட்டை இறக்கும்போது பிரேக் ஹோஸ் எடையைத் தாங்கக் கூடாது. நக்கிளைக் கம்பியால் மேலே பிடித்துக் கட்டிவை.

6. முன்பக்க ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே ஒரு நட்டு இருக்கும். அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு அமுக்காமல் அதைக் கழற்றினால் மேல்தட்டும் ஸ்பிரிங்கும் தெறித்து வரும். முகமும் கையும் போகும், உயிரும் போகும். கம்ப்ரஸரின் இரண்டு கொக்கித் தண்டுகளையும் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சமமாக இறுக்கு. ஸ்பிரிங் தன் தட்டில் தளர்ந்து லேசாகச் சுழலும் வரை நட்டைத் தொடாதே. அமுக்கிய ஸ்பிரிங்கின் நேரே ஒருபோதும் நிற்காதே. நல்ல கம்ப்ரஸர் கையில் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றி வாங்கி வந்து நீ பூட்டு. நான் மனமார உனக்குச் சொல்லும் வழி இதுதான்.

7. புது ஷாக்கின் ராடைப் பிளையரால் பிடிக்காதே. அதில் விழும் சிறு கீறலே சீலை அறுத்து ஆயிலை வெளியே விட்டுவிடும். ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும்.

8. பின்னால் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. ஆக்ஸில் ரொம்பக் கீழே தொங்கிவிடாமல் ஷாக்தான் பிடித்திருக்கிறது. அதனால் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டுக் கழற்று. ஸ்பிரிங்கை மாற்ற ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கு, பிரேக் ஹோஸ் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே.

9. பின் ஷாக்கின் ரப்பர் புஷ் போல்டுகளைத் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்காதே. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

10. நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை பார். அதற்கு முன்பே அலைன்மென்ட் பார்த்துவிடு. முன்பக்கம் கழற்றிப் பூட்டிய வண்டியில் நீ எவ்வளவு கவனமாகக் குறித்து வைத்திருந்தாலும் கோணம் கொஞ்சமாவது மாறியிருக்கும், டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.