தரை மட்டம் அறிந்து சரக்குக் கொடுப்போம்

கட்டுமானப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "நீங்கள் கொடுத்த டைல்ஸ் சரியில்லை. தட்டினால் வெற்றோசை கேட்கிறது, ஓரம் உடைகிறது" என்பார் வாடிக்கையாளர். மீதமுள்ள பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் சரக்கில் குறை இருக்காது. பல நேரங்களில் குறை டைல்ஸுக்கு அடியிலுள்ள தளத்தில்தான் இருக்கும். நண்டலாற்றைக் கடந்ததும் வரும் பூவத்திலிருந்து காரைக்கால் நகரம் வரை கடை வைத்திருக்கும் நாம், மாடி மேல் மாடியாக எழும் கட்டிடங்களுக்குச் சரக்குக் கொடுக்குமுன் இதை அறிந்திருப்பது நலம்.

மட்டம் வேறு, சமம் வேறு

அறையின் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் அது மட்டம். இடையில் மேடு பள்ளம் இல்லாவிட்டால் அது சமம். முன்னதை டியூப் லெவல் காட்டும். பின்னதை மட்டப்பலகை காட்டும். குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். ஆனால் சமம் அங்கும் அவசியம்.

அடுக்குமாடியில் உள்ள சிக்கல்

சென்டரிங் சற்றே தாழ்ந்தாலும் காங்கிரீட் தளத்தில் பள்ளம் விழும். கீழ்மாடித் தரையை வைத்து மேல்மாடிக்கு அளவெடுத்தால் சிறு பிழையும் மாடிக்கு மாடி சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கீழே நிலையான ஒரு குறி வைத்து, ஒவ்வொரு மாடிக்கும் அதிலிருந்தே உயரம் அளப்பார்கள். பிறகு முடிந்த தரைக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் சுவரெங்கும் கோடு அடிப்பார்கள். கதவு, படிக்கட்டு, லிஃப்ட் வாசல் யாவும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை.

ஒரு சென்டிமீட்டரின் விலை

1000 சதுர அடித் தரையில் கலவை 1 செ.மீ. கூடுதலானால், 1:4 கலவைக்குச் சுமார் 7 மூட்டை சிமென்ட் அதிகம் பிடிக்கும்; பாரம் ஏறக்குறைய 2 டன் ஏறும். அப்படிப்பட்ட 40 வீடுகளுக்கு 280 மூட்டை, 80 டன்! மூட்டை கூடுதலாக விற்றால் நமக்கு லாபந்தானே என்று எண்ணலாகாது. பொறியாளர் கணக்கில் சேராத அந்தப் பாரத்தைத் தளமும் தூணும் அஸ்திவாரமும் சுமக்க வேண்டும். களிமண்ணும் மணலும் கலந்த காவிரிக் கடைமடையில் இது சிறு விஷயமன்று.

கடையில் கேட்க வேண்டியவை

1. தளத்தை மட்டம் பார்த்தாயிற்றா? 2 மீட்டர் மட்டப்பலகைக்குக் கீழே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், பெரிய டைல்ஸ் பதிக்குமுன் தளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

2. என்ன டைல்ஸ்? விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வெறும் சிமென்ட் பால் அதை நன்கு பற்றாது. அதற்கு ஒட்டும் பசைக் கலவை ஏற்றது. ஆனால் அந்தப் பசை சில மி.மீ. கனமே பூசத் தக்கது. பள்ளம் நிரப்ப அதைக் கொடுக்காதீர்கள்.

3. பள்ளம் எவ்வளவு? சில மி.மீ. என்றால் தானே பரவி மட்டமாகும் லெவலிங் கலவை போதும். பையில் அச்சிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு மாவாக உதிரும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பள்ளம் பல செ.மீ. என்றால் பொறியாளரைக் கேட்ட பிறகே நிரப்ப வேண்டும்.

4. தளம் சுத்தமா? தூசியும் உதிர்ந்த சிமென்ட் பாலும் இருந்தால் எந்தக் கலவையும் பிடிக்காது.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது தரைக்கு மிகவும் பொருந்தும். இந்த நான்கு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். அன்று இரண்டு மூட்டை குறைவாக விற்கலாம். அந்த வாடிக்கையாளர் அடுத்த வீட்டுக்கும் நம் கடைக்கே வருவார்.